வீட்டில் ஜின் காக்டெய்ல்: டர்பன் சமையலறையில் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் கலக்கிய ஜின் காக்டெய்ல் சப்பென்று போய்விட்டால் எல்லோரும் முதலில் பழி போடுவது ஜின் பாட்டில் மேல்தான். பெரும்பாலும் குற்றம் அங்கே இல்லை. ஐஸ் போதாமல் இருந்திருக்கும், கண்ணளவில் ஊற்றியிருப்பார்கள், அல்லது எலுமிச்சைச் சாறு பாட்டிலில் வாங்கியதாக இருக்கும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், பக்கத்துப் பாட்டில் ஸ்டோரில் (மதுக்கடையில்) கிடைக்கும் நடுத்தர விலை ஜின்னே போதும்.

அதனால் ரெசிபிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 50 மில்லி ஜின், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு. இது கைக்குப் பழகினால் பெயர் பெற்ற ஜின் பானங்களில் பாதி தானாகவே வந்துவிடும்.

எந்த ஜின்

முதல் பாட்டில் 'லண்டன் டிரை' என்று லேபிளில் போட்டதாக இருக்கட்டும். இந்த வகையில் காய்ச்சி வடித்த பிறகு சுவையோ நிறமோ சேர்க்கக் கூடாது. சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. ஜின்னுக்கு அடிப்படை மணம் தரும் ஜூனிப்பர் காயின் பிசின் மணம் முன்னால் நிற்கும். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்தாலும் அந்த மணம் அமுங்காது. தென்னாப்பிரிக்காவில் விற்கும் ஜின்னில் 43% ஆல்கஹால் இருக்கும், ஐரோப்பாவில் 37.5% இருந்தாலே ஜின் என்று விற்கலாம். வெளிநாட்டு ரெசிபியை அப்படியே செய்து பானம் கொஞ்சம் காட்டமாக வந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று விநாடி கூடுதலாகக் குலுக்கினால் சரியாகிவிடும்.

இளஞ்சிவப்பு ஜின்களில் கவனம் தேவை. பலவற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. அவற்றோடு 20 மில்லி பாகையும் சேர்த்தால் இருமல் மருந்து போல ஆகிவிடும். பாகை 10 மில்லியாகக் குறையுங்கள். நீல ஜின்கள் பலவற்றுக்கு நிறம் தருவது நம் சங்குப்பூதான். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். பார்க்க அழகு, ஆனால் அந்த நிறமாற்றம் சுவையைத் தொடாது. கேப் பகுதியின் ஃபின்பாஸ் செடிகளைப் போட்டு வடிக்கும் ஜின்கள் (ஸ்டில்பாயின் இன்வெரோஷ் போல) டானிக் என்னும் கசப்புச் சோடாவோடு மிக நன்றாக இருக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்தால் அவற்றின் மென்மையான பச்சிலை மணம் மறைந்துவிடுகிறது, கொடுத்த காசும் வீண். அவற்றை இரண்டாவது பாட்டிலாக வாங்குங்கள்.

சாமான்கள்

ஷேக்கர் வாங்க ஓட வேண்டாம். ஊறுகாய்க்கு வைத்திருக்கும் கன்சால் கண்ணாடி ஜாடி, 500 மில்லிக்குக் குறையாதது, மூடி இறுக்கமாக இருந்தால் போதும். ஊறுகாய் வாசனை மூடியின் ரப்பரில்தான் தங்கும். காக்டெய்லுக்கென்று புது மூடி வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் கழுவிய சூட்டோடு ஜாடியில் ஐஸ் போடக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

அளக்க மருந்து பாட்டிலோடு வரும் சின்னக் கோப்பையே எல்லாவற்றையும்விட நல்லது. 5 மில்லிக்கு ஒரு கோடு இருக்கும். கடையில் விற்கும் டாட் அளவை (மது அளக்கும் சின்னக் கோப்பை) 25 மில்லி என்பதால் ஜின்னுக்கு அதில் இரண்டு. அளவுக் கரண்டிதான் இருக்கிறது என்றால் தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. சாப்பிடும் கரண்டியை நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு மாறும். 5 மில்லி சாறு கூடினாலோ குறைந்தாலோ பானத்தின் குணமே மாறிவிடுகிறது. சமையலில் கண்ணளவு உதவும், இங்கே உதவாது.

வடிகட்ட டீ வடிகட்டி. கிளற நீளமான ஒரு கரண்டி.

ஐஸ்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஐஸ் பானத்தைக் குளிரவைக்கிறது, அதே நேரத்தில் உருகித் தண்ணீரும் சேர்க்கிறது. நன்றாகக் குலுக்கிய பானத்தில் ஏறத்தாழ கால் பங்கு இந்த உருகிய தண்ணீர்தான். அது கூடினால் நீர்த்துப்போகும், குறைந்தால் தொண்டையை எரிக்கும்.

நம் வீட்டு ஃப்ரீஸர்களில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே அரைத்த மசாலா, இஞ்சி பூண்டு விழுது, மீன் எல்லாம் இருக்கும். திறந்த தட்டில் உறையும் ஐஸ் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். ஜின் மிக மெல்லிய மணங்களால் ஆன சரக்கு. பூண்டு வாசனை ஐஸில் அது தாங்காது. தண்ணீர் உறைந்ததும் கட்டிகளை இறுக்கமான மூடியுள்ள டப்பாவிலோ ஜிப் பையிலோ மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பழைய ஐஸை கூலர் பெட்டிக்கு அனுப்புங்கள், டம்ளருக்கு வேண்டாம்.

மின்வெட்டு (லோட் ஷெட்டிங்) வந்து போன பிறகு கட்டிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பு வழுவழுவென்று ஈரமாக இருந்தால் அது உருகத் தொடங்கிவிட்ட ஐஸ். குலுக்கும்போது ஒட்டியிருக்கும் அந்த ஈரம் முழுவதும் பானத்தில் இறங்கும். விரலில் ஒட்டிக்கொள்ளும் வறண்ட கட்டிதான் வேண்டும். பெட்ரோல் பங்கில் வாங்கிய பை ஐஸும் வீடு வந்து சேர்வதற்குள் ஈரமாகிவிடும். தண்ணீரை வடித்து, இரண்டு மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு எடுங்கள்.

கண்ணாடி போலத் தெளிந்த ஐஸ் வேண்டும் என்றால் சிறிய கூலர் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடாமல் ஃப்ரீஸரில் வையுங்கள். பக்கங்களும் அடியும் காப்பிடப்பட்டிருப்பதால் மேலிருந்து கீழாக உறையும். காற்றுக் குமிழிகள் அடிப்பக்கத்துக்குத் தள்ளப்படும். 18 முதல் 24 மணி நேரத்தில் எடுத்து, மங்கலான அடியை வெட்டி எறிந்தால் மேல் பாதி தெளிவாக இருக்கும். இது அலங்காரத்துக்குத்தான். சாதாரண ஐஸ் வறண்டு இருந்தால் அதுவே போதும்.

பாகும் சாறும்

200 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 200 மில்லி வெந்நீரில் கரையுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். தண்ணீர் ஆவியாகப் போனால் பாகு கெட்டியாகி, அளவு சொன்னபடி ஊற்றினாலும் இனிப்பு தூக்கலாகிவிடும். ஏறக்குறைய 320 மில்லி கிடைக்கும், அதாவது 16 பானங்களுக்குப் போதும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். மங்கலாகவோ நூல் நூலாகவோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

தேன் பாகுக்கு 60 கிராம் தேனுக்கு 30 மில்லி வெந்நீர். தேனை அப்படியே குளிர்ந்த ஜாடியில் விட்டால் ஐஸில் கட்டிப்பிடித்து அடியிலேயே நின்றுவிடும்.

இங்கே மலிவாகக் கிடைப்பது தடித்த தோலுள்ள மஞ்சள் எலுமிச்சை. ஒரு பழத்தில் 40 மில்லி வரை சாறு வரும். சிறிய பச்சை எலுமிச்சையில் 25 மில்லி வந்தால் நல்லது. புளிப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம், மணம்தான் வேறு. பிழிவதற்கு முன் பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். சாற்றை அன்றன்றே பிழிய வேண்டும். காலையில் பிழிந்து மாலையில் பயன்படுத்தலாம், மறுநாளுக்கு வைத்தால் பழைய வாடை வரும். பாட்டில் சாற்றில் பதப்படுத்தும் மருந்தின் சுவை இருக்கிறது. குழம்பில் அது தெரியாது, ஜின்னில் பளிச்சென்று தெரியும்.

முதல் பானம்: கிம்லெட்

1. குடிக்கப்போகும் சிறிய கிளாஸைப் பத்து நிமிடம் ஃப்ரீஸரில் வையுங்கள்.
2. ஜாடியில் 20 மில்லி பச்சை எலுமிச்சைச் சாறு, 20 மில்லி பாகு, பிறகு 50 மில்லி ஜின். விலை குறைந்ததை முதலில் ஊற்றினால், அளவு தவறும்போது ஜின் வீணாகாது.
3. ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஐஸ் போடுங்கள். நாலே நாலு கட்டி போட்டால் அவை வேகமாக உருகித் தீர்ந்துவிடும், பானமும் குளிராது. ஐஸ் நிறைய இருந்தால் நீர்ப்பு குறையும்.
4. மூடியை இறுக்கி, துணியால் சுற்றிப் பிடித்து, 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். ஐஸ் ஜாடியின் இரு முனைகளிலும் மோத வேண்டும். வெளிப்புறம் வெண்மையாகப் பனி படிந்தால் பதம் வந்துவிட்டது.
5. டீ வடிகட்டி வழியாகக் கிளாஸில் வடித்து, ஐஸ் சேர்க்காமல் உடனே பரிமாறுங்கள்.

மூடி திறக்க வராது. உள்ளே காற்று குளிர்ந்து சுருங்குவதால் மூடி உள்ளிழுக்கப்படுகிறது. விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் இளகும்.

இப்போது இதையே மாற்றிப் பாருங்கள். ஐந்தாறு புதினா இலையைச் சேர்த்துக் குலுக்கினால் சவுத்சைட். பாகுக்குப் பதில் தேன் பாகு 20 மில்லி, மஞ்சள் எலுமிச்சை என்றால் பீஸ் நீஸ். மஞ்சள் எலுமிச்சையோடு குலுக்கி, ஐஸ் நிறைந்த உயரமான டம்ளரில் வடித்து, 80 மில்லி சோடா ஊற்றினால் டாம் காலின்ஸ். ஜின் 30, சாறு 15, பாகு 15 என்று குறைத்துக் குலுக்கி, மேலே 60 மில்லி குளிர்ந்த ஸ்பார்க்ளிங் ஒயின் ஊற்றினால் ஃபிரெஞ்ச் 75. ஷாம்பெயினுக்குப் பதில் கேப்பில் தயாராகும் கேப் கிளாசிக் தாராளமாகப் பொருந்தும். சோடா, டானிக், ஸ்பார்க்ளிங் ஒயின் எதையும் ஜாடிக்குள் ஊற்றிக் குலுக்கக் கூடாது. வாயு அடைபட்டு மூடி தெறிக்கும், கண்ணாடி ஜாடியில் அது உண்மையான ஆபத்து.

மேலே நுரை நிற்க வேண்டும் என்றால் கிம்லெட் அளவில் 20 மில்லி முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி, பிறகு ஐஸோடு 12 விநாடி குலுக்குங்கள். முட்டை சேர்க்காத வீடுகளில் கொண்டைக்கடலை டின்னில் இருக்கும் நீர் 25 மில்லி அதே வேலையைச் செய்யும். உப்பில்லாத டின்னாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை முட்டையை வயதானவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

ஜின் டானிக்

இதை எல்லோரும் தெரிந்த விஷயம் என்று நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஐஸ் குறைவாக, வாயு போன டானிக்கில்தான் குடிக்கிறார்கள். டம்ளரை விளிம்பு வரை ஐஸால் நிரப்புங்கள். 50 மில்லி ஜின், அதன் மேல் குளிர்ந்த டானிக் 150 மில்லி, டம்ளரைச் சாய்த்துப் பக்கவாட்டில் மெதுவாக. கரண்டியை அடிவரை விட்டு ஒருமுறை மேலே தூக்கினால் போதும், சுற்றிச் சுற்றிக் கிளறினால் வாயு ஓடிவிடும். ஒரு லிட்டர் பாட்டில் மலிவு, ஆனால் திறந்த மறுநாள் அது வெறும் கசப்புச் சர்க்கரைத் தண்ணீர். 200 மில்லி டின்களாக வாங்குங்கள். ஷ்வெப்ஸ், ஃபிட்ச் அண்ட் லீட்ஸ் இரண்டும் அந்த அளவில் வருகின்றன.

டானிக்கின் கசப்பு குயினைனால் வருவது, இனிப்பும் அதில் நிறையவே உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காத டானிக்கை எடுத்துக்கொள்ளலாம். டானிக்கோடு கிரேப்ஃப்ரூட் துண்டு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றோடு அந்தப் பழம் ஒத்துப்போகாது. விருந்தாளி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நார்ச்சி (மாண்டரின்) ஆரஞ்சுத் துண்டு போடுங்கள்.

கிளறும் வகை

பழச்சாறு இல்லாத பானங்களைக் குலுக்காமல் கிளற வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழியும் ஐஸ் தூளும் கலந்து மங்கிப்போகும். நெக்ரோனிக்கு ஜின், கேம்பாரி (கசப்பான சிவப்பு மது), சிவப்பு இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மில்லி. ஜாடியில் ஐஸ் நிரப்பி 30 விநாடி கிளறி, பெரிய ஐஸ் கட்டி மேல் வடித்து, ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கி எண்ணெய் தெறிக்க விடுங்கள். மார்ட்டினிக்கு 60 மில்லி ஜின், 10 மில்லி உலர் வெர்மூத். ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம் இது, ஜின் நல்லதாக இல்லையென்றால் உடனே காட்டிக்கொடுக்கும்.

வெர்மூத் என்பது ஒயின். திறந்த பாட்டிலை அலமாரியில் விட்டால் டர்பன் வெக்கையில் சீக்கிரமே புளித்துப்போகும். ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நம் ஊர்ச் சுவைகள்

கறிவேப்பிலை ஜின்னுக்கு அற்புதமான ஜோடி. ஏழெட்டு இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி, கிம்லெட் ஜாடியில் போட்டுக் குலுக்குங்கள். இடித்து நசுக்கக் கூடாது, நசுங்கிய பச்சை கசப்பை இறக்கும். புதினாவுக்கும் இதே விதி. டிசம்பரில் லீச்சி வரும்போது நாலு பழத்தின் சதையை ஜாடியில் மசித்து, பாகை 10 மில்லியாகக் குறைத்துக் குலுக்குங்கள். கிரானடில்லா (பேஷன் ஃப்ரூட்) ஒன்றின் சதை சேர்த்தால் அதன் புளிப்புக்காக எலுமிச்சையை 15 மில்லியாக்குங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் இஞ்சி பியர் மீந்திருந்தால், 50 மில்லி ஜின், 15 மில்லி எலுமிச்சை, 120 மில்லி இஞ்சி பியர். அதற்குப் பாகே வேண்டாம்.

ஜின்னில் ஊறவைப்பதற்கு ரூய்போஸ் மூலிகைத் தேநீர் முதல் தேர்வு. 250 மில்லி ஜின்னில் இரண்டு ரூய்போஸ் பைகளைப் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை சுவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். சாதாரண டீத்தூளைவிடத் துவர்ப்பு குறைவு என்பதால் இது மன்னிக்கும் சரக்கு. பிளாக் டீயை அரை மணிக்கு மேல் விட்டால் நாக்கு வறளும். இதோடு தேன் பாகு மிக நன்றாகச் சேரும். ஏலக்காய் என்றால் 250 மில்லிக்கு நாலு, லேசாகத் தட்டி, ஒரு ராத்திரி. கிராம்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், மூன்று மணி நேரம் போதும், இல்லாவிட்டால் பல்வலி மருந்து நினைவுக்கு வரும். காய்ந்த மிளகாயை ஆல்கஹால் வெகுவேகமாக இழுத்துவிடும். ஒரே மிளகாயைப் போட்டு ஐந்து நிமிடத்தில் சுவைக்கத் தொடங்குங்கள், பதினைந்து நிமிடத்தைத் தாண்டவிடாதீர்கள். முழுப் பாட்டிலில் ஊறவைக்கவே வேண்டாம். கெட்டால் 250 மில்லியோடு போகட்டும்.

புரட்டாசியிலும் காவடி விரத நாட்களிலும் மது தொடாத வீடுகளில் பாகும் சாறும் கறிவேப்பிலையும் 150 மில்லி சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தால் குழந்தைகளும் விரும்பும் பானம் தயார்.

கெட்டுப்போனால்

ஒரு வாய் சுவைத்துவிட்டுத் திருத்துங்கள். புளிப்பு தூக்கினால் பாகு 5 மில்லி, இனிப்பு தூக்கினால் சாறு 5 மில்லி. அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். குளிர்ந்த பானத்தில் இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால் குலுக்குவதற்கு முன் கொஞ்சம் இனிப்பாகத் தோன்றுவது சரியான பதம்தான். கசப்பு அதிகமானால் உப்பு ஒரு துளி. உப்பு கசப்பை அடக்கும்.

எல்லாம் அளந்து செய்தும் காட்டம் குறையவில்லையா? ஜின் பாட்டில் ஃப்ரீஸரில் இருந்ததா என்று பாருங்கள். 43% ஜின் வீட்டு ஃப்ரீஸரில் உறையாது, ஆனால் அந்தக் குளிரில் ஐஸ் உருகாது, தேவையான தண்ணீர் சேராது. ஜின்னை வெளியிலேயே வையுங்கள், அல்லது ஜாடியில் 15 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். பானம் நீர்த்துப்போனால் ஐஸ் ஈரமாக இருந்தது, குறைவாக இருந்தது, அல்லது நேரம் கூடிவிட்டது. சில ஜின்களில் ஐஸும் தண்ணீரும் பட்டதும் லேசான பால் நிறம் படரும். மூலிகை எண்ணெய் பிரிவதால் வருவது அது. கெட்டுப்போன அறிகுறி அல்ல.

பிராய்க்கு (கரியில் இறைச்சி சுடும் விருந்துக்கு) ஆள் வந்தால்

எட்டுப் பேருக்கு ஒவ்வொன்றாகக் குலுக்கிக்கொண்டிருந்தால் கரி அணைந்துவிடும். டாம் காலின்ஸ் ஜக்கில் செய்ய ஏற்றது. 400 மில்லி ஜின், 160 மில்லி சாறு, 160 மில்லி பாகு கலந்து, குலுக்கல் இல்லாததால் 150 மில்லி குளிர்ந்த தண்ணீரும் சேர்த்து, மூன்று மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஜக்கில் ஐஸ் போடாதீர்கள், கடைசி ஆளுக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். ஐஸ் டம்ளரில் போட்டு, கலவையை ஏறத்தாழ 110 மில்லி ஊற்றி, சோடாவை அந்தந்த டம்ளரில் சேர்க்க வேண்டும். நெக்ரோனி என்றால் மூன்றிலும் 200 மில்லி, தண்ணீர் 150, சரியாக ஒரு 750 மில்லி பாட்டில். அதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வைத்தால் கூழாகிவிடும்.

50 மில்லி ஜின்னில் 21.5 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5% பியர் 340 மில்லி டின்னில் 17 மில்லி. பழச்சாறு போல இறங்குவதால் இந்தக் கணக்கு மறந்துபோகும். தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹாலே வரம்பு, தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. சாட்ஸ்வொர்த்துக்கோ வெருலத்துக்கோ காரில் திரும்ப வேண்டியவர் யார் என்று முதல் ஜக் மேசைக்கு வருவதற்கு முன்பே கேட்டு, அவருடைய டம்ளரில் பாகு, சாறு, சோடா மட்டும் ஊற்றுங்கள். 18 வயது ஆகாதவர்களுக்கும் அதுதான். ஜின் இல்லாத கலவையைத் தனி ஜக்கில் வைத்தால் இரண்டு ஜக்குகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் ஜின் இல்லாத ஜக்கின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள்.